பேரலைக்கு ஒரு திதி வெண்பா: மட்டக்களப்பிலிருந்து ஒரு மார்கழி நாட்குறிப்பு

2024 டிசம்பர் 16, திங்கள்

நேற்றுப் பின்னேரத்தோடு பூரணை முடிந்தது. இன்று மார்கழி ஒன்று. ஆகவே இந்த மார்கழிக்குரிய பூரணை மாதக் கடைசியில், 2025 ஜனவரி 13ஆம் தேதிதான் வருகிறது. சுனாமியில் போனவர்களின் இருபதாம் ஆண்டுத் திதி அந்த நாள். டிசம்பர் 26ஆம் தேதி அரசாங்கத்துக்கு நினைவு நாள், பஞ்சாங்கத்துக்கு அது வேறொரு திதி.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பன்னிரண்டு பாகை விலகும் நேரம். முப்பது திதி சேர்ந்தால் ஒரு சுற்று. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி பத்தொன்பது மணி நேரத்தில் முடியலாம், இருபத்தாறு மணி நேரமும் நிற்கலாம். ஒருவர் இறந்த நாளைவிட இறந்த நேரம் முக்கியமாவது இதனால்தான். ஒரே நாளில் காலையில் போனவருக்குச் சதுர்த்தசியும் மாலையில் போனவருக்குப் பூரணையும் ஆகலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. தாரண ஆண்டு. பூரணை அன்று இரவுவரை நின்றது. கடல் ஏறியது காலையில். எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் ஐயமில்லாத திதி.

கல்வெட்டு, அதாவது இறந்தவருக்காக அச்சிடும் நினைவுமலர், எழுதுவோர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. 1996 முதல் 2006 ஏப்ரல்வரை இலங்கைக் கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது: முதலில் சில மாதம் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி. ‘புதிய நேரம், பழைய நேரம்’ என்று ஊரில் பிரித்துச் சொன்ன காலம் அது. அந்தப் பத்தாண்டுக்குள் இறந்தவரின் மரணச் சான்றிதழில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால், திதி மாறும் வேளையில் பிசகும். முதலில் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 18

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டில் படம் வரும், தேவாரம் வரும், வாழ்க்கை வரலாறு வரும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் வரும், கடைசியில் நன்றி நவிலல். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா. மற்றவற்றில் மிகைப்படுத்தினால் வீட்டார் மன்னிப்பார்கள். வெண்பாவில் திதி பிழைத்தால் அடுத்த ஆண்டு படையல் வேறு நாளில் போய்விடும். அழகு இரண்டாம் பட்சம்; அது முதலில் ஒரு பதிவு.

நேரிசை வெண்பாவுக்குப் பதினைந்து சீர். நான்கு, நான்கு, நான்கு, மூன்று. இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். அது முதலிரண்டு அடிகளின் எதுகையோடு சேர வேண்டும். அசை இரண்டு வகை: ‘நாள்’ போல்வது நேர், ‘மலர்’ போல்வது நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் தளைக்கு மூன்றே விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கனிச்சீர் வரக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும்.

இந்தப் பதினைந்துக்குள் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, பெயர் எல்லாம் அடங்க வேண்டும். பலர் முதல் சீரிலேயே தடுக்கி விழுகிறார்கள். பேச்சில் ‘தாரண வருடம்’ என்கிறோம். தாரண என்பது கூவிளம். அதன்முன் நேர் வர வேண்டும், ‘வருடம்’ நிரையில் தொடங்குகிறது. தளை போயிற்று. ‘ஆண்டு’ என்று மாற்றினால் நிற்கும்.

திதிப் பெயர்களில் இரண்டு முரண்டு பிடிக்கும்: ஏகாதசியும் திரயோதசியும். முன்னது தேமாங்கனி, பின்னது புளிமாங்கனி. முழுச் சீராக வைத்தால் வெண்பா கெட்டுவிடும். பிரித்தால் வழி பிறக்கும். ‘ஏகா’ தேமா, அடுத்த சீர் ‘தசி’ என்று நிரையில் தொடங்கும். மாமுன் நிரை வந்துவிட்டது. ‘திரயோ தசி’யும் அப்படியே. இதைத் தெரியாமல் ‘ஏகாதசி’யைத் ‘தசமி’ ஆக்கிய கல்வெட்டும் உண்டு. ஓசைக்காகத் திதியை மாற்றியவருக்கு வெண்பா எழுதும் உரிமை இல்லை.

டிசம்பர் 21

முதல் வரைவு:

தாரண வாண்டு தகுமார் கழிமாதம்
பூரணை ஞாயிற்றுப் போழ்ததனில் – பேரலை
கொண்டுபோன எங்கள் குலமக்கள் யாவர்க்கும்
உண்டு திதியொன்றே ஓர்.

தளை சரி. தாரண, பூரணை, பேரலை என எதுகை ஓடுகிறது. கொண்டுபோன, உண்டு எனப் பின் இரண்டடிக்கு வேறு எதுகை; இருவிகற்பம் ஏற்புடையது. மார்கழியை ‘மார்’ ‘கழி’ என்று இரு சீரில் உடைத்தது வகையுளி. ‘ஆண்டு’ தேமாவாக இருப்பதால் அடுத்து நிரை வேண்டும். ‘மார்கழி’ நேரில் தொடங்கும் சொல். முன்னே நிரையசை ஒன்றை ஒட்டாமல் அதை உள்ளே கொண்டுவர முடியாது.

அந்த நிரையசைதான் குறை. ‘தகு’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. எதற்குத் தகுந்த மார்கழி? மோனைக்காகவும் அசைக்காகவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரங்கற்பாவில் ஒரு வெற்றுச் சொல் இருந்தாலும் அழுகிறவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டது போலச் சத்தம் கேட்கும்.

‘மழைமார்’ என்று போட்டால்? வாடைமழைக் காலம், உண்மையான சொல். ஆனால் தாவுக்கு மகரம் மோனை ஆகாது. அதைவிடப் பெரிய தடை, அன்று காலை மழையில்லை. தெளிந்த வானத்தின் கீழேதான் கடல் எழும்பியது. மழை என்று எழுதினால் அந்தக் காலையைக் கண்டவர்கள் பாட்டை நம்ப மாட்டார்கள்.

டிசம்பர் 23

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் இந்த மாதம் பச்சைக் கடலாக நிற்கும். ஐப்பசியில் விதைத்த பெரும்போகம் குடலை தள்ளிக் கதிர் பறியும் பருவம். வெட்டு தைக்குப் பிறகுதான்.

‘தழைமார் கழி’. தழைக்கின்ற மார்கழி. தாவுக்குத் த மோனை. தழை நிரையசை. வெள்ளாமை தழைத்து நின்ற மாதத்தில் ஊர் போயிற்று என்பதையும் அந்த ஒரு அசையே சொல்லிவிடுகிறது. ‘தகு’வை எடுத்தாயிற்று.

இயற்கையைப் பாட்டில் கொண்டுவருவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பு என்றவுடன் வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனை இழுத்து வருகிறார்கள். கல்லடிப் பாலத்தடியில் அந்த ஓசையைக் கேட்பதற்குச் சொல்லும் காலம் சித்திரை தொடங்கி ஆவணி புரட்டாசிவரை, முழுநிலவை ஒட்டிய அமைதியான இரவுகள். மாரியில் வாவி கலங்கி ஓடும், முகத்துவாரம் உடைந்து கடலோடு கலக்கும். மார்கழியில் இறந்தவருக்குப் பாடுமீன் பாடியதாக எழுதுவது பொய். மார்கழிக்கென்று எவ்வளவோ இருக்கிறது: கலங்கிய ஆற்றுநீர், நனைந்த மணல், ஈரம் காயாத வேலி, விடியற்காலைச் சேமக்கலம்.

டிசம்பர் 26, வியாழன்

காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு முழுதும் மௌனம். இன்றைய திதி அபரபக்க (தேய்பிறை) ஏகாதசி.

நாவலடி, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். ஓடுவதற்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. கல்லடி, அதை அடுத்துள்ள திருச்செந்தூர், டச்பார், தெற்கே களுவாஞ்சிக்குடி தாண்டிக் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரை நெடுக இழப்புத்தான். நாட்டிலேயே அதிக உயிரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல்.

அந்தக் கணக்கை மனதில் வைத்து மூன்றாம் அடியைப் படித்தால் ‘எங்கள் குலமக்கள்’ நெருடுகிறது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் போனவர்கள் எந்தக் குலம்? குடிவழி பார்க்கும் ஊர் இது. ஒருவரது கல்வெட்டில் தாய்வழிக் குடியைச் சொல்வது முறைதான், சொல்லவும் வேண்டும். ஊர் முழுவதற்கும் எழுதும்போது அந்தச் சொல் வேலியாகிவிடும். முஸ்லிம் ஊர்களுக்குத் திதி இல்லை. ஹிஜ்ரி மாதமும் பிறையை வைத்தே நடப்பதால் அவர்களின் நாளும் முழுநிலவை ஒட்டியதுதான். சூரிய ஆண்டோடு இழுத்துக் கட்டாததால் அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும்.

மாற்றம்: ‘கொண்டுபோன ஊரார் குழந்தை முதியோர்க்கும்’. ஊரார் தேமா, குழந்தை புளிமா, முதியோர்க்கும் புளிமாங்காய், பிறகு ‘உண்டு’ நேர். மோனையும் கெடவில்லை. ஓட முடியாமல் போனவர்கள் யார் என்பதும் வந்துவிட்டது.

டிசம்பர் 30

உடல் கிடைக்காதவர்களுக்குத் திதி உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. கடல் கொண்ட நேரம் தெரியும், அது போதும். சாம்பலும் இல்லை, புதைத்த இடமும் இல்லை என்ற வீடுகளுக்குத் திதி ஒன்றுதான் கையில் மிச்சம்.

நாள் தெரியாமல் இறந்தவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பூரணை, எல்லாருக்கும் புரட்டாசி மாளயம். ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் கரையில் கூடும் கூட்டத்தில் இப்படி நாள் தெரியாத வீட்டார் எத்தனையோ பேர்.

போரில் காணாமற் போனவர்களின் கதை இவை இரண்டிலும் சேராது. தாய் இறப்பை ஏற்றுக்கொள்ளாதவரை எவரும் அவர் பெயருக்குத் திதி வெண்பா எழுதக் கூடாது. உறவினர் கேட்டாலும் தாயைக் கேட்காமல் எழுதக் கூடாது. ஆடி அமாவாசையைக்கூட யாரும் நினைவூட்ட வேண்டாம்.

2025 ஜனவரி 4, சனி

திருவெம்பாவை தொடங்கியது. விடியுமுன் சங்கும் சேமக்கலமும் தெருவில் போகும்.

இருபது பாட்டும் எட்டடி. கொச்சகக் கலிப்பா என்று பெயர் சொன்னாலும் ஓடுவது வெண்டளை. எழுதுகிறவருக்குக் காது பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. பத்து விடியல் கூட்டத்தோடு நின்று பாடினால் மா, விளம், காய் எல்லாம் நாக்கில் ஏறிவிடும். பிறகு தளை தட்டும் இடத்தை விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, வாய் தானே இடறும்.

‘ஏலோர் எம்பாவாய்’ என்று ஒவ்வொரு பாட்டும் முடியும் இடத்தில் உள்ள ‘ஓர்’ வெறும் அசைச்சொல் என்பார் சிலர். ‘எண்ணிப் பார்’ என்று பொருள் சொல்வார் சிலர். இந்த வெண்பாவின் கடைசிச் சீரும் ‘ஓர்’. நாள் என்ற வாய்பாடு. அது இங்கே அசை நிரப்பவில்லை: கேட்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுதான் நிற்கிறது.

இருபதாம் பாட்டு ஒரே திருவடியைத் தோற்றமாகவும் போகமாகவும் ஈறாகவும் போற்றும். பிறப்பிக்கும் பாதமும் முடிவாகும் பாதமும் ஒன்றே. கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அதைப் பாடி முடிப்பது இலேசான காரியம் அல்ல. அவரிடம் ‘எல்லாம் அவன் செயல்’ என்று வெண்பாவில் ஆறுதல் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் சொன்னால் அது பக்தி. எழுதுகிறவன் சொன்னால் அது அவசரம். திதி வெண்பா நாளைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கட்டும்.

ஜனவரி 9

அச்சகத்துக்குப் போகும் முன்:

சீர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ‘மார் கழிமாதம்’ என்பதைப் பிழையென்று நினைத்து ‘மார்கழி மாதம்’ என்று திருத்திவிடுவார்கள். அங்கேயே தளை உடையும். ‘இப்படியே இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கோ அங்கிருந்து இங்கோ மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும்: ‘கொண்டுபோன’, ‘போழ்ததனில்’ இரண்டையும் தனியே பாருங்கள். தனிச்சொல்லுக்கு முன் கோடு கட்டாயம். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். இல்லையேல் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும், அதை நிரப்பப் புலம்பலை நீட்டுவார்கள்.

வாசிக்கும்போது பாட்டாக இழுக்காதீர்கள். வெண்பாவுக்குரிய செப்பலோசை ஒருவருக்கொருவர் சொல்வது போன்றது. ‘பேரலை’யில் ஒரு மூச்சு நிறுத்தி, மூன்றாம் அடியை அவசரப்படாமல் எடுத்தால் போதும்.

ஜனவரி 13, திங்கள்

மார்கழிப் பூரணை, திருவாதிரை. விடியுமுன் தொடங்கிய பூரணை நாளை விடியுமுன் நாலு மணியளவில் முடியும். அதற்குச் சில மணி நேரத்தின் பின் தை பிறக்கிறது. கொஞ்சம் பிந்தியிருந்தால் பூரணையின் முடிவு தைக்குள் விழுந்து, எந்த மாதக் கணக்கு என்ற வாதம் எழுந்திருக்கும்.

தாரண வாண்டு தழைமார் கழிமாதம்
பூரணை ஞாயிற்றுப் போழ்ததனில் – பேரலை
கொண்டுபோன ஊரார் குழந்தை முதியோர்க்கும்
உண்டு திதியொன்றே ஓர்.

வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். தம் வீட்டாரின் பெயரைச் சேர்க்க விரும்பினால் மூன்றாம் அடியின் ‘ஊரார்’ இருக்கும் இடத்தில் தேமாவாக அமையும் பெயர் அப்படியே பொருந்தும். வேறு வாய்பாட்டுப் பெயரென்றால் முன்னோ பின்னோ உள்ள சீரையும் மாற்ற வேண்டி வரும்.

அடுத்த திதி 2026 ஜனவரி 3, சனிக்கிழமை. பூரணை அன்று பிற்பகல் மூன்றரை மணிவரை நிற்கும். மத்தியானப் படையலுக்கு நேரம் இருக்கிறது.