பெயர் தெரியாத புலோவா: மூன்றாவது வாரம்

போன வாரம் என் பழைய வாட்சின் மாடல் பெயரைக் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று நோட்டில் எழுதி, கீழே கோடு வேறு போட்டிருந்தேன். இன்று அதை அடித்துவிட்டேன்.

வாட்ச் புலோவா என்ற அமெரிக்க நிறுவனத்தினுடையது. நீள்சதுர கேஸ், சாவி கொடுக்கிற வகை, ஆறு மணி இருக்கும் இடத்தில் நொடிக்கென்று தனி வட்டம். ஆண்டு பற்றிக் குழப்பமே இல்லை. பின்மூடியில் எல்1 என்று இருக்கிறது. 1950-களுக்கு எல், 60-களுக்கு எம், 70-களுக்கு என். பக்கத்து எண் வருடத்தின் கடைசி இலக்கம். ஆக, 1951. உள்ளே மெஷினிலும் அதே எல்1, அதனால் கேஸ் மாற்றிய வாட்ச் இல்லை என்றே நினைக்கிறேன். தெரியாதது மாடலின் பெயர் மட்டும்தான். அது வாட்சில் எங்கும் இல்லை, விளம்பரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

'லைஃப்' வார இதழின் 1936 முதல் 1972 வரையான பிரதிகள் கூகுள் புக்ஸில் இருக்கின்றன. பழைய விளம்பரம் தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புரட்டிக்கொண்டே போனதில் என் வாட்ச் அப்படியே கண்ணில் பட்டது, வார் மாட்டும் காதுகளின் வளைவு முதற்கொண்டு. சந்தோஷத்தில் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படிக்கவே இல்லை. 21 ஜுவல்ஸ் (உராய்வைக் குறைக்க மெஷினுக்குள் பதிக்கும் சின்னக் கற்கள்) என்று போட்டிருக்கிறது. என்னுடையது 17.

ஒரே கேஸில் வேறு மெஷினை வைத்து வேறு பெயரில் விற்பது புலோவாவின் வழக்கமாம். வார் மாறினாலே பெயர் மாறுவதும் உண்டு. போதாக்குறைக்கு, பழைய பெயரையே சில வருடம் கழித்து இன்னொரு மாடலுக்குச் சூட்டிவிடுவார்கள்!

சரி, இனி படம் கடைசியில்தான். முதலில் ஜுவல் எண்ணிக்கை, அப்புறம் தங்க விவரம் (என்னுடையது 10 கேரட் ரோல்டு கோல்டு பிளேட், அதாவது வேறு உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு), அதற்குப் பிறகே கேஸின் உருவம். விளம்பரப் படங்களில் பாதி ஓவியம், மீதி தூரிகை பட்ட போட்டோ, அப்படியே நம்ப முடியாது.

தேதி இல்லாமல் தனியாகக் கிடைக்கும் விளம்பரத் தாள்களுக்கு விலை போட்டிருக்கும் இடம் உதவுகிறது. 'ஃபெடரல் வரி உட்பட' என்று இருந்தால், 1941-க்கும் 1965-க்கும் இடைப்பட்டது. நகை, கடிகாரங்களின் சில்லறை விற்பனை மீதான அமெரிக்க வரி அந்த ஆண்டுகளில் இருந்தது. அகலமான வலைதான், ஆனாலும் 1930-களின் தாள்களை ஒதுக்கித் தள்ள அது போதும்.

இப்போது 17 ஜுவல்ஸில் ஒரே ஒரு பெயர் மிச்சம். கேஸ் பொருந்துகிறது, தங்கமும் பொருந்துகிறது, டயல் எண்கள் மட்டும் பொருந்தவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நொடி வட்டத்தின் கோடுகள் தடிமனாகி, ஒரு பக்கம் வெளியே வழிந்திருக்கின்றன. யாரோ டயலை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த எண்களை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பெயரைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடுத்து மே, ஜூன், டிசம்பர் இதழ்கள். பட்டமளிப்புக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாட்ச் விளம்பரங்கள் குவியும் மாதங்கள் அவை.