பின் ஸ்டெபிலைசர் ராடு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் ராடின் லிங்க்கை, அதாவது அதன் முனையை இணைக்கும் சிறு கம்பியை, கழற்றுவது கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால், உள்ளே இருக்கும் மரையாணியும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆணியின் முனையில் ஆலன் சாவியைச் செருகி ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டைத் திருப்ப வேண்டும். கொல்லிமலையில் நண்பருடைய மிளகுத் தோட்டத்தில், என் மஹிந்திரா தார் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் செம்மண் உதிர, பின்பக்க லிங்க் இரண்டையும் இப்படித்தான் கழற்றினேன்.

முந்தைய முறை அந்தத் தோட்டத்து ஓடையைக் கடந்தபோது, முன் இடச் சக்கரம் ஒரு பாறைமீது ஏற, பின் வலச் சக்கரம் இன்னொரு பாறைமீது ஏற, பின் இடச் சக்கரம் ஒரு சாண் உயரத்தில் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழன்றது. ராடைக் கழற்றிவிட்டால் அந்தச் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பற்றும் என்று நண்பர் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்பதை அன்று என் கண்ணாலேயே பார்த்தேன். ஓடை வேலை முடிந்ததும் லிங்க்குகளை மீண்டும் மாட்டியிருக்க வேண்டும். மழை தூற ஆரம்பித்திருந்தது, பசியும் எடுத்தது, "வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம்" என்று அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் துணிப்பையிலும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சேலத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, "மெதுவா வாங்க சார், பின்னாடி கொஞ்சம் தொட்டில் மாதிரி ஆடும்" என்றார். அவர் சொன்னதில் "மெதுவா" என்ற சொல்லை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

காரவள்ளி வரையிலான 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒன்றும் நேரவில்லை என்பதுதான் வியப்பு. வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தது, பக்கத்து இருக்கை நண்பர் மேல்கைப்பிடியை விடவேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் நிதானமாகச் சாய்ந்து, நிதானமாகவே நிமிர்ந்தது. சேந்தமங்கலம், நாமக்கல் கடந்து சேலம் நெடுஞ்சாலையில் ஏறியபோது, இந்த ராடை வெறும் அலங்காரத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டுகூட வந்தோம். அப்போதுதான், நாங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கையில், சாலை நடுத்திட்டின் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. நான் இடப்பக்கம் ஒடித்து விலகினேன். அதுவரையில் சிக்கல் இல்லை. வண்டியைத் தடத்துக்குத் திருப்பக் கையை வலப்பக்கம் திருப்பிய கணத்தில்தான் வண்டி நான் அறியாத வேறொரு வண்டியாக மாறியது. உடல் இன்னும் வலப்புறம் சாய்ந்து முடியாத நிலையில், ஸ்டீயரிங் எதிர்த்திசைக்குப் போய்விட்டது. சேர்த்துவைத்த சாய்வு முழுவதும் ஒரே வீச்சில் இடப்புறம் வந்து விழ, பின்பாகம் அதற்குப் பின்னும் இரண்டு முறை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. மொபெட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நாங்கள் அடுத்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த அரை மணி நேரத்தில் தொடங்கிய யோசனைதான் இந்தப் பதிவு.

ஸ்டெபிலைசர் ராடு என்பது ப வடிவில் வளைத்த ஓர் உருக்குக் கம்பி, அவ்வளவுதான். நடுப்பகுதி வண்டியோடு, அல்லது சில வண்டிகளில் ஆக்சிலோடு, ரப்பர் புஷ்களில் பிணைக்கப்பட்டிருக்கும். இரு கைகளின் முனைகளும் லிங்க்குகள் வழியாகச் சக்கரங்களின் பக்கமோ, நடுப்பகுதி ஆக்சிலில் இருந்தால் வண்டியின் உடலோடோ இணைந்திருக்கும். முழு அகல வேகத்தடை ஒன்றில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் கம்பி தன் புஷ்களுக்குள் சும்மா சுழலுமே தவிர, எந்த வேலையும் செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலோ, வளைவில் உடல் ஒருபுறம் சாய்ந்தாலோ, கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கை எதிர்க்கும் அதன் வலுவே சாய்வைத் தடுக்கிறது. 1919ஆம் ஆண்டிலேயே கனடாவில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. கம்பியின் விட்டம் சற்று மாறினாலும் அதன் வலு பெருமளவு மாறும். விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 10 விழுக்காடு தடிமன் கூடினால் ஏறத்தாழ 46 விழுக்காடு விறைப்பு கூடுகிறது. பாதி மட்டும் பெயர்ந்த சாலைக் குழிகளில் சில வண்டிகள் நம் தலையை இடவலமாக உலுக்குவதற்கும் இந்த விறைப்பு ஒரு காரணம்.

இது இருந்தால் வண்டி கவிழாது என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியே சரியல்ல. ஒரு பேச்சுக்கு 1,700 கிலோ எடையும், தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் அது மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் 10இல் 3 பங்கு அளவுக்கு இருக்கும். அப்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் சுமை ஏறத்தாழ 240 கிலோ. ராடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது, ஏனெனில் அதை முடிவு செய்வது எடையும் உயரமும் அகலமும்தான். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கவிழும் அபாயத்தை மதிப்பிடுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் எண்ணும் இதுதான்: சக்கர அகலத்தில் பாதியை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது. சாதாரண கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அந்தக் கணக்கில் ராடுக்கு இடமே இல்லை.

அப்படியானால் ராடு என்னதான் செய்கிறது? இரண்டு வேலைகள். ஒன்று, அந்த 240 கிலோ எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த ஆட்டத்தோடு இடம்மாறி அமர்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலையில் எனக்கு நேர்ந்தது இதன் இல்லாமைதான். ஒரே வளைவில் நிலைத்துச் சாய்ந்து நிற்பது ஆபத்தல்ல, இடமும் வலமும் அடுத்தடுத்து ஒடிக்கும்போது சாய்வும் ஸ்டீயரிங்கும் தாளம் தப்புவதே ஆபத்து. இரண்டு, அந்தச் சுமையில் முன் ஆக்சில் எவ்வளவு ஏற்கும், பின் ஆக்சில் எவ்வளவு ஏற்கும் என்று பங்கு பிரிக்கிறது. பின் ராடைக் கழற்றினால் முன்பக்கத்தின் பங்கு கூடி, வெளிப்புற முன் டயர் திணறி, வண்டி திரும்ப மறுத்து நேரே இழுக்கும். முன் ராடை மட்டும் கழற்றினால் பின்பக்கத்தின் பங்கு கூடி, வால் நழுவப் பார்க்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன், வால் நழுவினால் சமாளிக்கும் கை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இரு சக்கரங்களும் ஒரே உறுதியான அச்சில் பிணைந்த திட ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு ராடு கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனித்தனியாக அசையும் சக்கர அமைப்பில், சாய்வை எதிர்க்கும் ஸ்பிரிங்குகள் சக்கரங்களின் முழு அகலத்துக்கும் நிற்பதுபோலவே வேலை செய்கின்றன. திட ஆக்சிலிலோ அவை தாம் உண்மையில் நிற்கும் இடத்தின் அகலத்துக்கு மட்டுமே வேலை செய்கின்றன. சக்கரங்கள் 1.5 மீட்டர் இடைவெளியிலும் ஸ்பிரிங்குகள் 1 மீட்டர் இடைவெளியிலும் இருந்தால், எதிர்ப்பு வலு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கிடைப்பது 44 விழுக்காடுதான். மீதியை யாராவது ஈடுகட்ட வேண்டும். 2020இல் வந்த தாரில் முன்னே தனித்தனிச் சக்கர அமைப்பும் பின்னே காயில் ஸ்பிரிங்கோடு கூடிய திட ஆக்சிலும் இருக்கின்றன. இரண்டிலும் ராடு உண்டு. நான் கழற்றியது அதிகம் தேவைப்படும் பக்கத்தில்.

இதை எழுதும்போதே, கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் அண்ணன்மார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தெரிகிறது. சூரியநெல்லியிலிருந்து அந்தக் கல்பாதையில் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு ஏறும் பழைய ஜீப்புகள் ராடை நம்பி ஓடுவன அல்ல. அவற்றில் இருப்பது பட்டை ஸ்பிரிங்; பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே ஆட்டத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது, மேலும் அந்தப் பாதையில் நடக்கிற வேகத்துக்கு மேல் போக முடியாது. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ராடு இல்லாமலேயே விற்பனையானது. ஆனால் அதன் முன் ஆக்சிலை இரண்டு உறுதியான கைகள் புஷ்களோடு பிடித்திருந்தன. உடல் சாயும்போது அவை ஆக்சில் குழாயையே முறுக்கப் பார்க்கும், குழாய் முறுக மறுக்கும், ஆக ஆக்சிலே பாதி ராடாக வேலை செய்தது. அப்படியிருந்தும் அது வளைவில் படகுபோலச் சாய்வது பேர்போனது, 1990 வாக்கில் அதற்கும் ராடுகள் வந்து சேர்ந்தன. ராடு இல்லாமல் வடிவமைத்த வண்டியையும், ராடைக் கணக்கில் சேர்த்து ஸ்பிரிங்கை மென்மையாக்கிய பின் அதைப் பிடுங்கிய வண்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

காட்டுப்பாதையையே பெருமையாகச் சொல்லி விற்கும் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதும் பயன்தரும். ஜீப் ரேங்ளர் ரூபிகானில் முன் ராடை ஒரு பொத்தானால் துண்டிக்கலாம். ஆனால் வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் அது தானாகவே மீண்டும் இணைந்துகொள்கிறது. டொயோட்டா தன் லேண்ட் குரூசரில் ராடுகளை ஹைட்ராலிக் சிலிண்டர்களோடு இணைத்து, கரடுமுரடான இடத்தில் தளர்ந்தும் தார்ச்சாலையில் விறைத்தும் நிற்கும்படி செய்தது. யாரும் ராடைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 29 என்ற அந்த ஓர் எண்ணே சாலைக்கு ராடு வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதில்.

இனி ராடைக் கழற்றவே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஓடையில் அந்தச் சக்கரம் தரையைத் தொட்டதைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் என் வண்டியில் பின் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுத்துவிடும். நான் கழற்றியதில் பாதி படம் எடுப்பதற்காக என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டுச் சரிவில் போக வேண்டிய தடமென்றால், மலைக்காட்டிலும் ராடு இருப்பதே நல்லது; இல்லாவிட்டால் உடல் பள்ளத்தின் பக்கம் கூடுதலாகச் சாயும். கூரையில் கூடாரமும் தண்ணீர்க் கேனும் கட்டியிருந்தாலோ, வண்டியைத் தூக்கிப் பெரிய டயர் போட்டிருந்தாலோ, கழற்றிய நிலையில் தார்ச்சாலையில் நூறு மீட்டர்கூட வேண்டாம். கழற்றுவதானால், ஒரு பக்க லிங்க்கை எடுத்தாலே ராடு செயலிழந்துவிடும். ஆனால் தொங்கும் கை டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசாமல் மேலே கட்டிவைக்க வேண்டும்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் லிங்க்குகளை மாட்ட முயன்றபோது வலப்பக்க ஆணி அதன் துளைக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. சுத்தியலை எடுக்கப் போனவனைத் தம்பி தடுத்து, "வாசல் சரிவா இருக்குண்ணே, தெருவுக்கு இறக்கு" என்றான். சமமான இடத்தில் நிறுத்தி, அவன் பின் பம்பரில் ஏறி நின்று இரண்டு குலுக்குக் குலுக்க, ஆணி தட்டாமலே உள்ளே போய் உட்கார்ந்தது.