தேனீயா, திரிசூலமா?

என்னிடம் 1871ஆம் ஆண்டின் பிரெஞ்சு 5 பிராங்க் வெள்ளி நாணயம் ஒன்று இருக்கிறது. 25 கிராம் எடை, 37 மில்லிமீட்டர் விட்டம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. முன்பக்கம் ஹெர்குலிஸ் நடுவில் நிற்க, சுதந்திரமும் சமத்துவமும் பெண் உருவில் இருபுறமும். 1789 பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒகுஸ்தென் துப்ரே என்ற சிற்பி செதுக்கிய அதே வடிவம். பின்பக்கம் மாலைக்குள் மதிப்பும் ஆண்டும். அடியில் பாரிஸைக் குறிக்கும் ‘ஏ’. அருகே பொடிசாக ஒரு தேனீ.

தேனீக்குப் பதில் திரிசூலம் இருந்திருந்தால் விஷயமே வேறு. 1871இல் சில வாரங்கள் பாரிஸை ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் அடித்த நாணயம் அது. சேகரிப்பவர்கள் அதைக் ‘கமெலினா’ என்பார்கள்.

அந்தக் காலத்தில் பாரிஸ் நாணயச்சாலையின் இயக்குநர் ஒப்பந்தக்காரர் மாதிரி. எடையோ தரமோ குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் தனக்கென ஒரு சின்னத்தைப் பொறிப்பார். 1871 மார்ச் 18இல் கம்யூன் எழுச்சி வெடித்தது. செஃபிரென் கமெலினா என்ற வெண்கலத் தொழிலாளியிடம் நாணயச்சாலை ஒப்படைக்கப்பட்டது. கம்யூனுக்காகப் போரிட்ட தேசியக் காவல்படை வீரனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பிராங்க் கூலி. கொடுக்கக் காசு வேண்டுமே! துய்லெரி அரண்மனையின் வெள்ளிப் பாத்திரங்களெல்லாம் உலைக்குப் போயின. அச்சு பழசு, சின்னம் மட்டும் புதுசு: தேனீ போய்த் திரிசூலம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை விளிம்பில் இருக்கிறது. தேவாலயத்தையும் அரசையும் பிரித்து ஆணை போட்ட கம்யூன், ‘கடவுள் பிரான்சைக் காக்கிறார்’ என்ற விளிம்பு வாசகத்தோடுதான் காசு அடித்தது. நாத்திகக் கூலியில் சாமி பேர்!

மே 28இல் கம்யூன் வீழ்ந்தது, எல்லாம் முடிந்தது. திரிசூல நாணயங்களில் பெரும்பாலானவை மறுபடி உருக்கப்பட்டன. கமெலினா இங்கிலாந்துக்குத் தப்பினார்; பிற்பாடு 1924இல் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளராகவும் நின்றார். நாணயத்தைவிட ஆள் கெட்டி.

சரி, வாங்குபவர்களுக்கு. 1871 என்று ஆண்டு இருந்தாலே ‘கம்யூன் நாணயம்’ என்று விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூதக்கண்ணாடியில் சின்னத்தைப் பாருங்கள். அப்புறம் தராசு: 25 கிராமிலிருந்து தேய்மானத்துக்கு மீறி விலகினால் வேண்டாம். விளிம்பு எழுத்துகள் புடைத்து நிற்க வேண்டும். வார்ப்புப் போலியில் அங்கேதான் வழுக்கலும் ஒட்டுக்கோடும் தெரியும். பளபளவென்று தேய்த்துக் கழுவியதைவிட, கறுத்துத் தேய்ந்த காசே எனக்கு மேல். கூலியாகக் கை மாறியதுக்குத் தேய்மானம் அழகுதானே?

விற்பவர் காட்டும் படத்தில் சின்னம் இருக்கும் ‘ஏ’ எழுத்தின் பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால், விலை கேட்காமலேயே அடுத்த நாணயத்துக்குப் போய்விடுவேன்.