போர்வெல் போடுவது சுலபம்

வடக்கு உகாண்டாவில் எங்கள் சபை இருக்கும் கிராமத்துக் கைப்பம்பு மறுபடியும் ஓடுகிறது. ஸ்தோத்திரம்! இங்கே பல ஊர்களில் நம்ம இந்தியா மார்க் 2 வகைதான். 1970களில் கோயம்புத்தூர் பக்கம் சோதித்துப் பார்த்த அதே பம்பு. அதற்கு முன்னோடி, மகாராஷ்டிராவில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன்காரர்கள் உருவாக்கியவை (இது பலருக்குத் தெரியாது).

உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் மொத்தத்தையும் மேலே இழுக்கணும், நாலைந்து ஆள் வேலை. போர் போடப் பணம் தருகிறவர்கள் திறப்பு விழா போட்டோ கேட்பார்கள்; வாஷருக்கு யார் தருவார்கள்? அதனால் தண்ணீர்க் கமிட்டியே வீட்டுக்கு வீடு ஷில்லிங் வசூலிக்கிறது. பொருளாளர் ஒரு அம்மா, எங்கள் சபைக்கு வராதவர். கணக்கில் படு கறார். போதகர் என்று எனக்கும் சலுகை கிடையாது, இந்த மாதம் கட்டியாச்சு!