அந்த மூன்று பேர்

"நீதானே சாரு தினமும் அவன் பேரைக் கூப்பிடறே?"

பள்ளி வாத்தியாரான நான் சென்சஸ் எடுக்கப் போனபோது, அந்த ஆயா தன் பேரனைப் பற்றி இப்படிக் கேட்டது 2011 பிப்ரவரியில். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய சென்சஸ் இழுத்துக்கொண்டே போய் இப்போது 2027 என்கிறார்கள், எங்கள் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் யாருக்கு எந்த ஏரியா விழும் என்று புலம்பல் ஆரம்பித்தாயிற்று, எனக்கு மட்டும் இந்தக் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது.

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் அந்த மாதம் பல வீடுகளில் பூட்டுதான் தொங்கும். சாமை அறுப்பு முடிந்ததும் கர்நாடகத்துக் குடகுக்குக் காபி பறிக்கவோ கேரளாவுக்கு மிளகு பறிக்கவோ கிளம்பிவிடுவார்கள். ஆயா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கட்டையால் ஒரு போடு, கொட்டை தெறித்து என் செருப்பருகே விழும். மகன், மருமகள், பேரன் மூன்று பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மூவரும் குடகில்.

"28-ஆம் தேதிக்குள்ள வந்துருவாங்களா ஆயா?"

"பழம் முடிஞ்சாத்தான வருவாங்க."

பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியூரில் இருப்பவரை இங்கே எழுதக்கூடாது, இருக்கிற இடத்தில் எழுதுவார்கள். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். விதிப்படி நான் செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பேரன் என் இரண்டாம் வகுப்புப் பையன். டிசம்பரிலிருந்து வரவில்லை. பெயரை எடுத்தால் இடைநிற்றல் கணக்கு, அதற்கு விளக்கம், அப்புறம் அலைச்சல். அதனால் தினமும் கூப்பிட்டு ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டில் இருக்கிறான், உன் நோட்டிலும் இருக்கிறான், இந்தத் தாளில் மட்டும் ஏன் இல்லை என்றார் ஆயா.

"அங்க எழுதிருவாங்க ஆயா" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

அங்கே எழுதினாலும் என்னவென்று எழுதுவார்கள்? இவர்கள் மலையாளிகள், கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையில் வாழும் தமிழ் பேசும் சனம். மலையாளி என்பது தர்மபுரியில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகளுக்கே அது கிடையாது, கர்நாடகப் பட்டியலிலும் இல்லை. ஆக எண்ணப்பட்டிருந்தாலும், தலை எண்ணிக்கையில் இருப்பார்கள், பழங்குடிக் கணக்கில் மூன்று பேர் குறைவு. இது அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எழுதியிருப்பேனா? சந்தேகம்தான்.

இத்தனைக்கும் அதே வாசலில் விதியை வளைத்தேன். போன வருஷம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு ஆயா கட்டையை நிறுத்தாமல், "எனக்கென்ன வேலை, சும்மாதான் கிடக்கறேன்" என்றார். நான் விவசாயி, ஆறு மாதத்துக்கு மேல் வேலை என்று போட்டேன். நாள் கணக்கெல்லாம் கேட்கவில்லை. யாரும் கெஞ்சாத இடத்தில் தாராளம் சுலபமாக வருகிறது போல.

மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த ஊருக்கு நான் ஏறவில்லை. அங்கிருந்து வரும் பையன்களிடம் பள்ளியிலேயே விசாரித்தேன், பிறப்பு இறப்பு எதுவும் இல்லை என்றார்கள், முடித்துவிட்டேன். வெயில், முட்டி வலி, நடக்க வேண்டிய தூரம் எல்லாம் உண்மைதான்.

ஏப்ரலில் பேரன் பள்ளிக்கு வந்தான். பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று கத்தினான், வகுப்பே சிரித்தது. மதியம் தனியாகக் கூப்பிட்டு, குடகில் யாராவது வந்து பேர் எழுதினார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரு வந்தாரு சார். மேஸ்திரிகிட்ட பேசிட்டுப் போயிட்டாரு."