32 அங்குலமும் இரண்டு மரப்பெட்டியும்

மும்பைக்கு வந்த முதல் ஐந்து மாதம், என் அறையில் சத்தம் போட்டவை சீலிங் ஃபேனும் குக்கரும் மட்டும்தான். 2022 ஜூனில் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பையுமாக வந்து இறங்கினேன். சயான் கோலிவாடாவில் ஒரு ரூம்-கிச்சன் கிடைத்தது. ஜிடிபி நகர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அந்த ஸ்டேஷனுக்கே முன்பு கோலிவாடா என்றுதான் பெயராம். தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும், இட்லி மாவு கிடைக்கும். மேலே ஏறிக் கதவைச் சாத்தினால் ஒன்றும் கிடையாது. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுப் பாட்டுக் கேட்பேன். சத்தம் கொஞ்சம் கூடும், கூடவே டம்ளரும் பாடும்.

பதினோரு மாத ஒப்பந்தம், டெபாசிட், தலால் என்கிற தரகருக்கு ஒரு மாத வாடகை என்று கையிருப்பு முதல் வாரத்திலேயே கரைந்துவிட்டது. தீபாவளி போனஸோடு சேர்த்து நவம்பரில் கையில் நின்றது 20,000 ரூபாய். டிவி, பாட்டுக் கேட்க ஒரு செட், இரண்டும் இதற்குள் முடிய வேண்டும்.

ஆபீஸில் எல்லோரும் 43 அங்குலம் வாங்கு என்றார்கள். கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் ஆறரை அடி, 43 பொருந்தும்தான். ஆனால் மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும். அப்போது 32 அங்குலம் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 28. (2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.)

முடிவுக்கு வர உதவியவர் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மும்பைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் பார்க்கிறார். அவர் கணக்கு எளிமையானது.

"படம் சின்னதுன்னா கிட்டப் போயி இருந்து பாத்துக்கிடலாம் தம்பி. சத்தம் சொத்தையா இருந்தா எங்க போயி இருப்ப?"

இன்றைய டிவிகள் ஒல்லியாக வருவதால் ஸ்பீக்கரை முன்பக்கம் வைக்க இடமில்லை. கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் அது பேசுகிறது. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பன் ஒருவன் தன்னுடையதைக் கொடுத்துப் பார்த்தான். உதடு முதலில் அசைந்தது, வசனம் சற்றுப் பின்னால் வந்தது. பாட்டுக்குச் சரி, படத்துக்கு ஆகாது.

32 அங்குலமே போதும் என்று முடிவு செய்து, சனிக்கிழமை லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன். கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கம். பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். ஆனால் டாக்சிக்காரரிடம் 1903-இல் கவர்னராக வந்த லேமிங்டன் பிரபுவின் பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். வரிசையாகக் கடைகள், வாசலுக்கு வாசல் கூப்பிடும் பையன்கள். காலையில் முதல் ஆளாகப் போனதில் ஒரு லாபம் இருந்தது. கடைக்காரர் "போஹ்னி" என்று சொல்லி முந்நூறு ரூபாய் குறைத்தார். நம் ஊர்ப் போணியேதான்! அதுவரை என் இந்தியில் கூனிக் குறுகி நின்றிருந்தவன், அந்த ஒரு சொல்லில் நிமிர்ந்துவிட்டேன்.

அப்புறம் அவர் தன் வேலையைக் காட்டினார். பில் வேண்டாமென்றால் இன்னும் எண்ணூறு குறைக்கிறேன் என்றார். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கப் போய் எதைக் காட்டுவது? வேண்டாமென்றேன். 1,500 ரூபாய்க்கு ஸ்டெபிலைசர் கட்டாயம் என்றார். என் அறையில் கரண்ட் ஒரு நாளும் ஏறி இறங்கிப் பார்த்ததில்லை, அதுவும் வேண்டாமென்றேன். பெட்டியைப் பிரித்து, செருகி, முழுத் திரையும் வெள்ளையாகத் தெரியும்படி போட்டுக் காட்டச் சொன்னேன். கறுப்புப் புள்ளியோ கோடோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். முகம் சுளித்துக்கொண்டுதான் செய்தார். 11,800 ரூபாய்.

வெளியே வந்து ஆட்டோ தேடியது என் ஊர்ப் புத்தி. சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே ஆட்டோ ஓடாது, கறுப்பு மஞ்சள் டாக்சிதான். டிவியைப் பின் சீட்டில் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டே வீடு வந்தேன். 320 ரூபாய்.

சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஆம்ப்ளிஃபயருக்குச் சோர் பஜார். "ஷோர்" என்றால் இரைச்சல், அதுதான் வெள்ளைக்காரன் வாயில் சோர் ஆகி, திருடன் சந்தை ஆகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தெருவிலேயே சாக்கு விரித்துக் கடை பரப்புகிறார்கள். அண்ணாச்சியும் நானும் ஹார்பர் லைனில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இறங்கி நடந்தோம். முதல் விரிப்பிலேயே ஒரு ஜப்பான் செட் என்னைக் கவிழ்த்துவிட்டது. வெள்ளி முகப்பு, கனத்த திருகுகள், ஊசி ஆடும் மீட்டர். 3,500 சொன்னார். பணத்தை எண்ணத் தொடங்கினேன்.

"ஏல, பின்னால திருப்பிப் பாரு."

பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்றிருந்தது. ஜப்பானில் வீட்டுக்கு வருவது 100 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும். தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அதற்கு இடமும் வேண்டும். விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அழகில் மயங்கியவன் எதைக் கேட்பான்.

நாலு விரிப்பு தள்ளி, 230 வோல்ட்டில் ஓடும் ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டி கிடைத்தது. முகப்பில் கீறல், வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. கரகரப்பு வெறும் தூசிதான், மருந்து அடித்தால் போய்விடும் என்றார் அண்ணாச்சி. 3,800. ஸ்பீக்கர் ஒரு ஜோடி 1,800-க்கு. மரப்பெட்டி கல்லாக இருந்தது. கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு வளையம்தான் தொட்டதும் உதிர்ந்தது. கடற்காற்றில் ஸ்பாஞ்சு இப்படித்தான் ஆகுமாம். ரப்பர் வளையம் என்றால் தாக்குப்பிடிக்கும். கூம்பை இரண்டு கட்டைவிரலால் மெல்ல அமுக்கிக் காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. வளையம் மாற்ற 700 ரூபாய், ஒரு வாரம். அதே தெருவில் "1000 வாட்" என்று ஒட்டிய புது பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களும் இருந்தன. அது பிஎம்பிஓ என்கிற விளம்பரக் கணக்கு. உண்மையில் தாங்குகிற ஆர்எம்எஸ் வாட்டைப் பார்த்தால் இருபதைத் தாண்டாது என்று சிரித்தார்.

ஸ்பீக்கர்களை அவர் கடைக்குக் கொண்டுபோனார். நான் ஆம்ப்ளிஃபயரோடு நேராக பல்லார்ட் எஸ்டேட் ஆபீஸுக்கு. அது நாள் முழுக்க என் மேஜைக்கடியில் இருந்தது. சாயங்காலம் ஹார்பர் லைனில் லக்கேஜ் பெட்டியில், மீன் கூடைகளுக்கு நடுவே வீடு வந்தது.

எல்லாம் கூடிய நாளில் சத்தம் வரவில்லை. டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போக ஒரு சின்ன கன்வர்ட்டரும் வயர்களும் 650 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது, பெட்டி பேசவில்லை. இரண்டு இரவு வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். மூன்றாம் நாள் போனில் அண்ணாச்சி, டிவியில் சவுண்ட் செட்டிங்கில் 'ஆட்டோ' என்று இருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றச் சொன்னார். டிவி டால்பி மொழியில் அனுப்புகிறது, மலிவான கன்வர்ட்டருக்கு அது புரியாது, அவ்வளவுதான். மாற்றிய மறுநொடி அறை முழுக்க ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பாளரின் குரல். குரல் எனக்கு நேரே, இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து வந்தது. சென்னையில் மழை என்றார். நின்றபடியே விளையாட்டுச் செய்தி வரை கேட்டேன்.

கணக்கு 19,070-இல் நின்றது.

பத்தாவது நாளோ என்னவோ, பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) சுவரைத் தட்டினார். அப்புறம் கதவையும். நான் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் மராத்தி வாக்கியம் "ஆவாஜ் கமீ கரா". சத்தத்தைக் குறைத்தும் பிரயோஜனமில்லை, அவருக்குக் கேட்டது பாட்டல்ல, அதிர்வு. பெட்டிகளை மூலையில் தரையோடு வைத்திருந்தேன். மூலை பேஸை, அதாவது அடித்தொனியைக் கூட்டிவிடும், தரை அதைக் கடத்தும். முக்கால் அடி முன்னால் இழுத்தேன். என்னிடமிருந்த ஒரே ஹவாய்ச் செருப்பை எட்டுத் துண்டாக வெட்டி, பெட்டிக்கு நாலாக அடியில் கொடுத்தேன்.

தட்டல் நின்றுவிட்டது. இப்போது பால் வாங்கவும் ஆபீஸ் ஷூ மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.