விநாடிக்கு 110 கன அடி: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

நவம்பர் 30, சனி

சீஸ்மன் அணையிலிருந்து இன்று திறப்பு விநாடிக்கு 110 கன அடி. மேட்டூர் நீர்வரத்தை மாநிலச் செய்தியில் ஆயிரக்கணக்கில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது வாய்க்கால் தண்ணீர். ஆனால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தென்மேற்கே, டெக்கர்ஸ் என்ற நாலு வீட்டு ஊரை ஒட்டி ஓடும் சவுத் பிளாட் ஆற்றுக்குக் குளிர்காலத்தில் இதுவே போதும். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புமுன் பார்ப்பது இந்த எண்ணைத்தான். எண் மாறவில்லை என்றால் போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்றும் முழங்கால்தான். மீனும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

ஊரெல்லாம் உறைந்து கிடக்க ஆறு மட்டும் எப்படி ஓடுகிறது என்று வீட்டில் கேட்டார்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அதனால் நீர்த்தேக்கத்தின் மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும் அடியில் 4 டிகிரித் தண்ணீர் போய்த் தங்கிவிடும். அணையின் கீழ் மதகு வழியாக வருவது அந்த அடித்தண்ணீர். காலையில் காற்று மைனஸ் 8. அந்தக் காற்றுக்கு இது வெந்நீர். ஆறு முழுக்க ஆவி. அணையை விட்டு விலக விலகச் சூடு குறைந்து, டெக்கர்ஸ் பக்கம் கரையோரம் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது.

பிரவுன் ட்ரவுட் முட்டையிட்டு முடிக்கும் நேரம். ஆற்றடியில் பாசி துடைக்கப்பட்டு வெளிறிய வட்டமாகக் கூழாங்கல் தெரிந்தால், பெண்மீன் வாலால் அடித்துத் தோண்டிய குழி அது. வசந்தம் வரைக்கும் முட்டை அந்தக் கல்லிடுக்கில் கிடக்கும். சுற்றித்தான் போக வேண்டும். இன்று ஒருவர் அதன்மேலேயே நின்று வீசிக்கொண்டிருந்தார். சொன்னேன். நகர்ந்தார், ஆனால் முகம் சரியில்லை.

டிசம்பர் 7, சனி

விடியற்காலையில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இந்த மாதத்தில் 11 மணிக்கு முன்னால் மீனுக்கும் வேலை இல்லை, நமக்கும் இல்லை. பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்கி, தண்ணீர் ஒரு டிகிரி கூடினால் போதும், மீன் வாயைத் திறக்கும். 3 மணிக்கு மலை நிழல் விழுந்ததும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஃப்ளை ஃபிஷிங் (ஈ போல, பூச்சி போலக் கட்டிய பொய்யிரையால் மீன் பிடிப்பது) என்றதும் தலைக்குமேல் வளைந்து வளைந்து பறக்கும் நரம்புதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். குளிர்காலத்தில் அந்த அழகுக்கு இடமில்லை. ஒன்பதடிக் கம்பு, நரம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு தக்கை, கீழே சின்ன ஈயக்குண்டு, அதற்கும் கீழே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொய்ப்பூச்சிகள். சேரன்மகாதேவியில் கெண்டைக்குப் போட்ட தூண்டிலிலிருந்து மண்புழுவைக் கழற்றினால் இதுதான். கடைக்காரரிடம் இதைச் சொல்ல முடியாது. அவர் விற்கிற கம்பின் விலை அப்படி.

மீனின் உடம்புச் சூடும் தண்ணீரின் சூடும் ஒன்றுதான். 4 டிகிரியில் செரிமானம் மந்தம். மெதுவான ஆழத் தண்ணீரில், அடியை ஒட்டி, துடுப்பை அசைத்தும் அசைக்காமலும் கிடக்கும். இரையைத் துரத்திப் போனால் செலவழிக்கும் தெம்பு சாப்பிடுவதை விட அதிகமாகிவிடும் என்பதால் துரத்தாது. வாய்க்கு நேரே வந்தால் உண்டு, அரையடி தள்ளிப் போனால் கிடையாது. இதுதான் குளிர்கால மீன்பிடியின் மொத்தச் சிக்கலும்.

மேல்மடுவில் வழக்கமாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இன்றும் இருந்தார். டப்பாவைத் திறந்து வேறு பூச்சி தேடிக்கொண்டிருந்த பக்கத்து ஆளிடம் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: ஈயை மாற்றுமுன் ஈயத்தை மாற்று. இங்கே பலரும் சொல்வதுதான், கேட்பவர்கள்தான் குறைவு. ஆற்றின் மேல்தண்ணீர் வேகம், அடித்தண்ணீர் கல்லில் உரசி மெதுவாகப் போகும். ஆகவே தக்கை, பக்கத்தில் மிதக்கும் நுரையைவிடக் கொஞ்சம் பின்தங்கிப் போக வேண்டும். நுரையோடு சேர்ந்து ஓடினால் பூச்சி அடியைத் தொடவில்லை என்று அர்த்தம். கடுகளவு ஈயம் ஒன்றைக் கூட்டிக் கடித்தேன். அதே பூச்சி, அதே இடம். தக்கை ஒரு கணம் தயங்கியது. முங்கவில்லை, தயங்கியதோடு சரி. கம்பைத் தூக்கினால் ரெயின்போ ட்ரவுட், 14 அங்குலம் இருக்கும்.

வலையில் வைத்து முள்ளைக் கழற்றினேன். போய்விட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

காற்று. போகவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து பூச்சி கட்டினேன். 22-ஆம் எண் முள், நகத்தின் மேல் வைத்தால் நகம் பாதிகூட மறையாது. கறுப்பு நூல், அதன்மேல் வரிவரியாக மெல்லிய வெள்ளிக் கம்பி, தலையில் ஒரு மணி. அவ்வளவுதான் சீப்ரா மிட்ஜ்.

மிட்ஜ் கொசு இனத்துக்குச் சொந்தக்காரப் பூச்சி, ஆனால் கடிக்காது. மற்ற பூச்சிகள் வசந்தத்துக்குக் காத்திருக்க, இது மட்டும் குளிர்காலம் முழுக்கப் பொரிந்துகொண்டே இருக்கும். ஆற்றடிச் சேற்றில் புழுவாக இருந்து, கூட்டுப்புழுவாகி, தோலுக்குள் காற்றுக் குமிழை அடைத்துக்கொண்டு மெல்ல மேலே வரும். மீனுக்கு வசதி அந்த ஏறும் நேரம்தான், பாவப்பட்ட பூச்சி அப்போது நீந்தித் தப்ப முடியாது. ஒரு பூச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்றில் ஒன்றுமில்லை. ஆனால் மீன் இருந்த இடத்திலிருந்தே நூற்றுக்கணக்கில் விழுங்குகிறது.

கூடவே ஆர்எஸ்2 என்ற பொய்ப்பூச்சியும் கொஞ்சம் கட்டினேன். கொரியாவிலிருந்து வந்து டென்வரில் குடியேறிய ரிம் சங் 1970களில் இந்த ஆற்றுக்காகவே உருவாக்கியது. பீவர் ரோமத்தில் உடம்பு, இரண்டு இழையில் வால், சின்னதாக ஓர் இறகுத் துணுக்கு. இன்றைக்கும் சவுத் பிளாட்டில் இது இல்லாத டப்பா கிடையாது. கடைச் சுவரில் தொங்கும் மினுமினுப்புகளில் பாதி, மீனைப் பிடிக்க அல்ல, நம்மைப் பிடிக்கக் கட்டியவை என்பது என் கட்சி.

ஜனவரி 4, சனி

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த செங்கம் பக்கத்துத் தம்பியைக் கூட்டிப் போனேன். செப்டம்பரில்தான் இங்கே வந்தான். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால்தான் மீன்பிடி உரிமத்துக்குக் கொலராடோக்காரனுக்கான கட்டணம், அதுவரை வெளிமாநிலக் கணக்கு. ஒருநாள் உரிமம் எடுத்துக்கொண்டான்.

கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, தண்ணி இவ்ளோ தெளிவா இருக்குது, ஒரு மீனையும் காணோமே?" என்றான்.

தண்ணீரின் மேல்பளபளப்பை மறைக்கும் போலராய்ட் கண்ணாடியை அவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அந்த மஞ்சக் கல்லுக்கு இந்தாண்ட, தரையில நெழலு ஆடுது பாருங்கண்ணா. மீனு அதுக்கு மேல இருக்கணும்."

இருந்தது. முதுகு ஆற்றடியின் நிறத்தோடு நிறமாகக் கரைந்துபோயிருந்த பிரவுன். நான் மீனைத் தேடுவேன், அவன் நிழலைத் தேடினான். சாத்தனூர் அணை வாய்க்காலில் சின்ன வயதில் கற்ற பழக்கமாம்.

"வாய் வெள்ளையாத் தெறந்து தெறந்து மூடுதுண்ணா."

"அப்படின்னா சாப்பிடுது. அது இருக்கிற மட்டத்துக்கே பூச்சி போகணும். ரெண்டடி மேல போடு, ஒண்ணும் பண்ணாத, தக்கைய மட்டும் பாரு."

தக்கையை அவன் பார்க்கவே இல்லை. மீனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்து, வெள்ளை தெரிந்ததும் தூக்கினான். மாட்டியது. எனக்கு இதைக் கற்க இரண்டு குளிர்காலம் ஆனது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

காற்று மைனஸ் 6. இந்தக் குளிரில் மீனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கக் கூடாது, ஈரச் செவுள் உறைந்துவிடும். கையுறையைக் கழற்று, கையை நனை, மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும் என்றேன். விரல் விறைத்துப்போய் முள்ளைக் கழற்ற அவனுக்கு வரவில்லை, நான்தான் கழற்றினேன்.

"எடுத்துட்டுப் போலாமாண்ணா?"

டெக்கர்ஸ் பகுதியில் 16 அங்குலத்துக்குக் குறையாத மீன் இரண்டு வரை எடுக்கலாம். மேலே சீஸ்மன் பள்ளத்தாக்கில் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தனியார் கிளப்பின் தண்ணீர். கொலராடோ சட்டப்படி கரை யாருடையதோ ஆற்றின் தரையும் அவருடையது, அதனால் அங்கே கால் வைக்கவே கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கொழம்புக்கு ஆவாது" என்று முடித்துவிட்டான். பிளாஸ்கில் கொண்டுபோன மிளகு ரசத்தைக் குடித்தோம்.

கம்பின் வளையங்களில் பனி அடைத்துக்கொண்டே இருந்தது. அப்போது நரம்பை இழுத்தால் நுனி முறியும். கம்பைத் தண்ணீருக்குள் முக்கி, இளகியதும் விரலால் உதிர்க்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இரண்டு மீட்டிங்குக்கு நடுவே குக்கரில் வைத்தாயிற்று.

ஜனவரி 19, ஞாயிறு

மைனஸ் 20-க்கும் கீழே. இந்த நாளில் டெக்கர்ஸில் ஆறு கூழாக ஓடும். தண்ணீர் உறைநிலையைத் தொட்டுவிட்டால் மேலே மட்டுமல்ல, உள்ளேயும் ஊசி ஊசியாகப் பனி உருவாகி மிதக்கும், சில இடங்களில் ஆற்றடிக் கல்லிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். மீன் அதற்குத் தப்பி ஆழ மடுவில் ஒதுங்கிக் கிடக்கிற நேரத்தில் போய்த் தொந்தரவு செய்வதற்கு எனக்கு மனசில்லை. ரோடும் சரியில்லை.

பிப்ரவரி 1, சனி

வெயில். காற்றில்லை. பகல் 12 டிகிரி வரை போனது. 285-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பைன் ஜங்ஷனில் திரும்பி, பஃபலோ க்ரீக் தாண்டி, கில் டிரெயில் என்ற நடைபாதை வழியாகச் சீஸ்மன் பள்ளத்தாக்குக்குள் நடந்தோம்.

தம்பி இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல்முறை. எரிந்த மரங்களைக் கேட்டான். 2002 ஜூனில் வனத்துறையில் வேலை பார்த்த ஒருவரே வைத்த தீ. ஹேமன் தீ என்று பெயர். சுமார் 1,38,000 ஏக்கர். 2020 வரை இந்த மாநிலத்தின் பதிவிலேயே அதுதான் பெரிது. தீயைவிட அதற்குப் பின்வந்த மழைதான் ஆற்றைக் கெடுத்தது. இந்த மலை பொடிந்து உதிரும் கிரானைட், வேரும் புல்லும் போனதும் மணல் மணலாக இறங்கி மடுக்களைத் தூர்த்துவிட்டது. கல்லிடுக்குப் பூச்சி போனால் மீன் போகும். ஆண்டுகள் பல ஆயின மீள்வதற்கு. இன்றும் சில மடுக்களில் அடி வெறும் மணல்தான், அங்கே நான் நேரத்தைச் செலவழிப்பதில்லை.

இந்த ஆறு இங்கே இருப்பதே ஒருவகையில் அதிர்ஷ்டம். கருங்கல்லில் கட்டி 1905-இல் முடித்த சீஸ்மன் அணை 221 அடி. டென்வருக்கு அது போதாது என்று, கீழே வடக்குக் கிளை வந்து சேரும் இடத்தில் டூ ஃபோர்க்ஸ் என்று இன்னொரு பெரிய அணைக்குத் திட்டம் போட்டார்கள். கட்டியிருந்தால் டெக்கர்ஸே முழுகியிருக்கும். 1990-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வில்லியம் ரைலி தலைவராக இருந்தபோது, அனுமதியை மறுத்துவிட்டது. அணையே கூடாது என்று பேச எனக்கு வாய் இல்லை. வீட்டில் நான் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீர், நான் மீன் பிடிப்பது அணைவிட்ட 4 டிகிரியில்.

12 மணி வாக்கில் மிட்ஜ் பொரிந்தது. பனிமேல் கறுப்புத் தூளாய் நடந்தன. ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும் இடத்தில் மூக்கு ஒன்று மேலே வந்து போனது, பிறகு இன்னொன்று. தக்கையையும் ஈயத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, மிதக்கும் பூச்சி ஒன்றைக் கட்டினேன். 24-ஆம் எண். கண்ணுக்கே தெரியாது. அது எங்கே இருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்தில் தண்ணீர் குவிந்தால் தூக்க வேண்டியதுதான். மூன்று மீன் மறுத்தன. நாலாவது எடுத்தது. ரெயின்போ, 17 அங்குலம். கன்னத்தில் இளஞ்சிவப்பு, வயிற்றில் நல்ல கனம். மார்ச்சுக்குப் பிறகு முட்டையிடும் மீன்.

"இது இந்த ஊர் மீனாண்ணா?"

இல்லை. ரெயின்போ பசிபிக் கரையோரத்தது, பிரவுன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1990களில் சுழல்நோய் ரெயின்போக் குஞ்சுகளை அழித்தபோது, ஐரோப்பாவில் அந்தக் கிருமியோடு பழகிய பிரவுன் தாக்குப்பிடித்தது. பிறகு ஜெர்மனியின் ஹோஃபர் பண்ணையில் எதிர்ப்புச் சக்தி பெற்ற ரெயின்போ வகையைக் கொண்டுவந்து கலந்து விட்டார்கள். இங்கத்திய சொந்த மீன் கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரவுட். 1994-இல் அதை மாநில மீன் என்று அறிவித்தார்கள். அசல் கிரீன்பேக், கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம் பேர் க்ரீக் என்ற ஒற்றை ஓடையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று 2012-இல் மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து குஞ்சு பொரித்து வேறு ஓடைகளில் விடுகிறார்கள். வரலாறு நீண்டுபோய், தம்பி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

பிப்ரவரி 15, சனி

திறப்பு 165 ஆகிவிட்டது. நடு ஆற்றில் நின்ற மீனெல்லாம் கரையோர மெதுநீருக்கு வந்துவிட்டன. தெரியாமல் ஓரத்தில் இறங்கி நடந்து நாலைந்தை விரட்டிவிட்டுப் போனார் ஒருவர். ஈயம் கூட்டினேன். இரண்டு பிரவுன்.

மார்ச் 8, சனி

மேகமூட்டம், தூறல் பனி. 1 மணிக்கு பேட்டிஸ் மேஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி வர ஆரம்பித்தது, சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்திக்கொண்டு. தண்ணீர் 6 டிகிரியைத் தாண்டிவிட்டது. மீன்கள் மடுவை விட்டுக் கிளம்பி வேகநீரில் நிற்கின்றன, இரண்டடி தள்ளி வந்தும் எடுக்கின்றன. அந்தப் பூச்சியின் சாயலில் கட்டிய ஆர்எஸ்2-வுக்கு மரியாதை கூடிவிட்டது. கார் நிறுத்த இடமில்லை. மேல்மடுவுக்கு வரிசையே நின்றது. பெரியவர் ஒரே ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டு, அக்டோபரில் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டார்.

தம்பிக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. உள்ளூர்க் கட்டணத்தில் ஆண்டு உரிமம் எடுத்துவிட்டான், அடுத்த மார்ச் 31 வரைக்கும் செல்லும். சொந்தமாக ஒரு கம்பு வாங்க வேண்டுமாம், எது வாங்கலாம் என்று வழி முழுக்க நச்சரித்தான். விலையைச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேச்சில்லை. பிறகு, "பழசு ஏதாவது வெச்சிருக்கீங்களாண்ணா?" என்றான்.